வெறும் பீடம்

லூர்துசாமி கேட்ட கேள்வி ஒன்றுதான். ஆடாமலும் இருக்க வேண்டும், தள்ளினால் நகரவும் வேண்டும். அப்படி ஒரு பீடத்தை எப்படிச் செய்வது?

மாஸ்டர், முதலில் செய்யுங்கள் என்றார். லூர்துசாமியும் செய்துவிட்டார்.

இப்போது பீடம் நடு ஹாலில் இருந்தது. மாஸ்டர் அதைச் சுற்றி வந்தார். ஒரு மூலையில் குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் வாசிப்பதுபோல உரக்க வாசித்தார்.

"இங்கே பிடிக்கவும்."

அடுத்த மூலைக்குப் போனார்.

"இங்கே பிடிக்கவும்."

பக்கவாட்டில் நின்றார்.

"சாய்க்காதீர்."

லூர்துசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"யாருக்குண்ணே இந்த எழுத்து?"

"தூக்குறவங்களுக்கு, மாஸ்டர். தெரியாம எங்கயாவது பிடிச்சிட்டா?"

"நல்ல பெயிண்டு. மஞ்சள் பளிச்சுன்னு இருக்கு."

"தூரத்துல வரும்போதே தெரியணும்ல."

"எந்த ஸ்கூலுக்குப் போகுது இது?"

லூர்துசாமி வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

அது பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். அவருடைய மகள் பிலோமினா அங்கேதான் விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படிக்கிறாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. பதினெட்டு வருஷம் அவளுக்கு அப்பனாக இருந்தவர், மஞ்சள் பெயிண்டில் அம்புக்குறி போட்டு 'இங்கே பிடிக்கவும்' என்று எழுதியிருக்கிறார். மேலே வார்னிஷ் வேறு.

அவருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பெயிண்ட்டைச் சுரண்டப் பட்டைக்கத்தியைத் தேடினார்.

"விடுங்கண்ணே, இருக்கட்டும்" என்றார் மாஸ்டர்.  திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

மாஸ்டர் என்றதும் தாடி வைத்த ஆளைத் தேட வேண்டாம். சபூராவுக்கு இருபத்தேழு வயது. திண்டுக்கல்லில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் அவருடைய ஹால். குழந்தைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்தி மாட்டி விளையாடுகிற பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கின்றன அல்லவா, அதை வைத்துப் பெரிய பெரிய கட்டடங்கள் செய்கிற தொழில். கண்காட்சிக்குச் செய்வார், ஃபிளாட் விற்கிற கம்பெனிகளுக்குச் செய்வார். அவரிடம் வேலை கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். எல்லாரையும்விட வயதில் மூத்த சீடர் லூர்துசாமிதான். அரசு பஸ் டிரைவர். லீவு நாளில் மட்டும் வருவார்.

டிப்போவில் இந்த விஷயம் தெரிந்து மானத்தை வாங்கிவிட்டார்கள். மாஸ்டர் என்றால் புரோட்டா மாஸ்டரா என்று ஒருவர் கேட்டார். நிஜ பஸ்ஸே ஒழுங்காக ஓடவில்லை, இவர் பொம்மை பஸ் கட்டுகிறார் என்றார் இன்னொருவர். லூர்துசாமி சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அவர் கட்டியது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை. எட்டு மாச வேலை. ஒரு கட்டில் அகலத்துக்கு இருந்தது. பஸ் நிற்கிற ஒவ்வொரு தடமும், நடைமேடையும், டைம் கீப்பர் ரூமும், டீக்கடையும், கட்டணக் கழிப்பறையும், பச்சையும் நீலமுமாக வரிசையில் நின்ற பஸ்களும், எல்லாம் அச்சு அசலாக இருந்தன. பிள்ளைகள் கையால் தடவித் தடவிப் பஸ் ஸ்டாண்டைத் தெரிந்துகொள்வதற்காக அது. வகுப்புக்கு வகுப்பு மாற்றுவார்கள், ஹாஸ்டலுக்கும் கொண்டுபோவார்கள். அதனால்தான் பீடம் முக்கியம். இந்தக் கட்டைகள் ஒன்றையொன்று கடித்துப் பிடித்துக்கொண்டு நிற்பவை. கீழே இருக்கிற பலகை கொஞ்சம் வளைந்தாலும் கடி விட்டுவிடும். முதலில் சாதாரணப் பலகையில் வைத்து இரண்டு பேர் தூக்கிப் பார்த்தார்கள். நடுவில் பலகை தொய்ந்தது. டீக்கடையிலிருந்து கழிப்பறைவரை பொரி தெறிப்பதுபோலத் தெறித்தது. லூர்துசாமி அன்று சாப்பிடவில்லை.

அதன்பிறகுதான் இந்தப் பீடம். இரண்டு பிளைவுட்டுக்கு நடுவில் குறுக்கும் நெடுக்கும் மரச்சட்டம் அடித்து, நாலு மூலையிலும் சக்கரம், சக்கரத்துக்கு பிரேக், இரும்புக் கைப்பிடி. மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்தார். அசையவில்லை.

ஆனால் பஸ் ஸ்டாண்ட் கட்டியதற்கு உண்மையான காரணம் வேறு.

பிலோமினா, தானே தனியாகப் பஸ் ஏறி ஊருக்கு வருகிறேன் என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். திண்டுக்கல்லில் இருக்கிற பள்ளியிலிருந்து நத்தம் ரோட்டில் ஒரு மணி நேரப் பயணம். மற்ற பெரிய பிள்ளைகள் போய் வருகிறார்கள். லூர்துசாமி சம்மதிக்கவில்லை. ரிவர்ஸ் எடுத்துப் பின்னால் வருகிற பஸ்ஸில் டிரைவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அவருக்குத் தெரியும். கண்ணாடியில் விழாத இடம் ஒன்று உண்டு. கண் இருக்கிறவர்களே அங்கே நின்று அடிபடுகிறார்கள். ஒவ்வொரு லீவுக்கும் டூட்டியை மாற்றிக்கொண்டு அவரே போய்க் கூட்டி வந்தார், அவரே கொண்டுபோய் விட்டார்.

அப்புறம், முதலில் பஸ் ஸ்டாண்டை விரலால் படி, அப்புறம் பார்க்கலாம் என்றார். மாடல் கட்ட ஆரம்பித்தது அப்போதுதான். அந்த வீட்டில் 'அப்புறம் பார்க்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம். எட்டு மாசம் கட்டினார். கட்டி முடித்தபிறகு, பீடம் சரியில்லை என்றார்.

அடுத்த லீவு நாளில் மாடி ஏறி வந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பஸ் ஸ்டாண்ட் நாலு துண்டாகப் பிரித்துத் தரையில் பாய்மேல் இறக்கியிருந்தது. பீடத்தைக் காணோம்.

மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து சிவப்புக் கட்டைகளைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், பீடம்?"

"ஸ்கூலுக்கு அனுப்பிட்டேன்."

"பஸ் ஸ்டாண்டு இங்க இருக்கே."

"பீடத்தை மட்டும் அனுப்பிட்டேன்."

லூர்துசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. வெறும் பலகையை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்ன செய்யும் என்றார். அதன்மேல் ஏறும், குதிக்கும், தள்ளிக்கொண்டு ஓடும். விடுதிப் பிள்ளைகள் என்றால் கேட்கவே வேண்டாம். பெயிண்ட்டைச் சுரண்டக்கூட விடாமல் எழுத்தோடு அனுப்பிவிட்டீர்களே, எட்வின் சார் தடவிப் பார்த்தால் பரவாயில்லை, வார்டன் சிஸ்டருக்குக் கண் தெரியுமே, அவர் வாசித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்றார். எட்வின் சார் அங்கே பிள்ளைகளுக்கு வெள்ளைக் குச்சி பிடித்து நடக்கச் சொல்லித் தருகிறவர். அவருக்கும் பார்வை மங்கல்.

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டார்.

"உடைச்சிருவாங்க, மாஸ்டர்."

"உடைக்கட்டும்."

அவ்வளவுதான். மறுபடி சிவப்புக் கட்டை.

லூர்துசாமிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மகள் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கிற பெண்ணிடம் என்ன சத்தம் போடுவது? படியில் இறங்கும்போது வேண்டுமென்றே தொம் தொம் என்று இறங்கினார். கீழே சைக்கிள் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மேலே என்ன, புரோட்டா கருகிடுச்சா என்று கேட்டார். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் பிலோமினாவுக்குப் போன் போட்டார்.

பலகை வந்துவிட்டது என்றாள். பிள்ளைகளுக்கெல்லாம் பிடித்துவிட்டது என்றாள். பின்னால் ஒரே இரைச்சல். யாரோ எதையோ தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. லூர்துசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நல்லாயிருக்குப்பா. மூலைல ஏதோ கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு, அதுதான் முட்டியில இடிக்குது."

"அது கைப்பிடிம்மா. அதைப் பிடிச்சுத்தான் தூக்கணும்."

"ஓ. பசங்க அதுல துண்டு காயப் போட்டிருக்காங்க."

அவளுக்குச் சிரிப்பு. அவருக்கு இல்லை. காலாண்டுப் பரீட்சை லீவுக்கு ஞாயிற்றுக்கிழமை டூட்டி முடிந்து வந்து கூட்டிப்போகிறேன் என்றார். சனிக்கிழமையே எல்லாரும் போய்விடுவார்கள் என்றாள் அவள்.

"நானே வந்துரவாப்பா?"

"மாடல் வரட்டும், பிலோமி. கையால பாத்துப் பழகு. அப்புறம் பாப்போம்."

"எவ்வளவு நாள் பழகணும்?"

 அதைப் பீடம் முடிந்தபிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்.

"சரிப்பா" என்றாள்.

அவ்வளவு சுலபமாகச் சரி சொல்கிற பிள்ளை இல்லை அவள். அவர் அதைக் கவனிக்கவில்லை. டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

சனிக்கிழமை அவருக்கு லீவு. அதை மாடி வேலைக்கென்று வைத்திருந்தார், மகளை மறுநாள் கூட்டிக்கொள்ளலாம் என்று. காலையில் அவர் மாடிக்கு வந்த கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் பீடத்தை மேலே தூக்கி வந்து நடு ஹாலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

லூர்துசாமி அதைப் பார்த்தார். பேயறைந்த மாதிரி நின்றார்.

ஒரு கைப்பிடியைக் காணோம். ஸ்க்ரூவோடு பிடுங்கியிருந்தது. இன்னொரு கைப்பிடிக்குப் பழைய துணியைச் சுற்றிப் பந்துபோல ஆக்கியிருந்தார்கள். ஒரு சக்கரத்தின் பிரேக் முறிந்து தொங்கியது. கூர்மையாக இருந்த மூலைகளில் சாக்கைக் கட்டியிருந்தார்கள். நடுப்பக்கத்துச் சட்டத்தில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருந்தது. மேல்பலகை முழுக்க என்னென்னவோ குப்பை ஒட்டியிருந்தது. அவர் பார்த்துப் பார்த்துப் பூசிய வார்னிஷ்மேல்.

"நான் சொன்னேன்ல, மாஸ்டர். சொன்னேனா இல்லையா?"

மாஸ்டர் எழுந்து வந்தார்.

"கவுத்துங்கண்ணே."

"எதுக்கு?"

"கவுத்துங்க."

இரண்டு பேரும் சேர்ந்து கவிழ்த்தார்கள். பீடத்தின் அடிவிளிம்பில் கறுப்பு கறுப்பாக அழுக்கு. லூர்துசாமி கிட்டே போய்ப் பார்த்தார். அழுக்கு இல்லை, விரல் தடம். தேங்காய் எண்ணெய், சாம்பார், வேர்வை, சாக்பீஸ், எல்லாம் கலந்த பிள்ளைகளின் விரல். ஒன்றின்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் இருந்தது. எல்லாம் நீளப் பக்கத்தின் நடுவில்தான். மூலைகள் சுத்தமாக இருந்தன. அவர் மஞ்சள் அம்புக்குறி போட்ட இடத்தில் ஒரு விரல்கூடப் படவில்லை.

அவர் தன் விரல்களை அந்தத் தடத்தின்மேல் வைத்தார். எதிர்ப்பக்கம் மாஸ்டர் பிடித்தார். தூக்கினார்கள். பீடம் அலுங்காமல் குலுங்காமல் எழுந்தது. மூலையைப் பிடித்துத் தூக்கியபோதெல்லாம் ஒரு பக்கம் இழுக்கும், வளைக்கப் பார்க்கும். இப்போது அந்த வேலையே இல்லை.

"நான் கைப்பிடியத் தேடி வச்சேன்" என்றார் மெதுவாக. "இதுங்க எடையத் தேடிருக்கு."

இரண்டு பேருமாகப் பீடத்தை நிமிர்த்தி வைத்தார்கள்.

சரி, விரலுக்கு ஏற்ற மாதிரி நடுவில் பள்ளம் எடுத்துவிடலாம், கைப்பிடி வேண்டாம், மூலையை உருட்டிவிடலாம் என்று லூர்துசாமி மளமளவென்று திட்டம் போட ஆரம்பித்தார். வேலை தெரிந்த ஆள் அவர், ஒரு தடவை பார்த்தால் பிடித்துக்கொள்வார். முதலில் மேலே இருக்கிற குப்பையை எடுக்க வேண்டும். பட்டைக்கத்தியோடு பலகைமேல் குனிந்தார்.

டீத்தூள் வாசம் வந்தது.

சின்னத் துணி முடிச்சு ஒன்று. பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். உள்ளே டீத்தூள். அவர் கத்தி நின்றது. கொஞ்சம் தள்ளி ஒரு பாச்சா உருண்டை, மூக்கில் ஏறுகிற நெடி. இந்தப் பக்கம் காய்ந்த மல்லிகைச் சரம். இரண்டுக்கும் நடுவில் சணல் கயிறு ஒரு கோடாக ஓடியது. கோட்டின் ஒரு பக்கம் சோடா மூடிகள் வரிசையாக, பல்லுப்போல.

டீக்கடை. கழிப்பறை. பூ விற்கிற இடம். நடைமேடை விளிம்பு. பஸ் நிற்கிற தடங்கள்.

கத்தி கையிலிருந்து நழுவிப் பலகையில் விழுந்தது.

"மாஸ்டர், இது பஸ் ஸ்டாண்டு."

"ஆமா."

"நம்ம பஸ் ஸ்டாண்டு."

"ஆமாண்ணே."

அவர் பாயைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அவருடைய பஸ் ஸ்டாண்ட் பளபளவென்று கிடந்தது. பச்சை பஸ், நீல பஸ். ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியிலும் ஊர்ப் பெயரைக் குட்டிக் குட்டி எழுத்தில் ஒட்டியிருந்தார். அதையும் எழுத்தில்தான். எட்டு மாசத்தில் அது ஒரு தடவைகூட அவருக்கு உறைக்கவில்லை. மாஸ்டர் பீடத்தில் இருந்த எழுத்தை வாசித்துக் காட்டிய அன்றைக்கும் உறைக்கவில்லை. அன்றைக்குப் பீடத்துக்கு வெட்கப்பட்டவர், மாடலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுபடி பலகைமேல் குனிந்தார். மூக்கில் இன்னொரு வாசம் ஏறியது. அது அவருக்கு அம்மா கையைவிடப் பழக்கமான வாசம். டீசல்.

டீசலில் நனைத்த துணித்துண்டு, நடைமேடைக் கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஓர் இடத்தில். தள்ளி இன்னோர் இடத்தில். இரண்டே இடம்தான். லூர்துசாமி அந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். 

பஸ் பின்னால் வருகிற இடம். கண்ணாடியில் விழாத இடம். அவர் எட்டு மாசம் கட்டிய மாடலில் அந்த இடம் வெறும் சாம்பல் நிறத் தரை. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிறதை எல்லாம் அவர் வைத்திருந்தார். தெரியாததை வைக்கவில்லை.

"மாஸ்டர், இதை வாயால சொல்லிக்கேட்டு வைக்க முடியாது. அங்க போய் நின்னு பாத்தாத்தான் வைக்க முடியும்."

"ஆமா."

"யாரு போயி நின்னது?"

மாஸ்டர் சோடா மூடி வரிசையைக் கண்ணால் காட்டினார்.

ஒரு மூடிக்குப் பக்கத்தில் மட்டும் காக்கித் துணி ஒட்டியிருந்தது. விரல் அகலத் துண்டு. லூர்துசாமி அதைத் தொட்டார். அவருடைய பழைய சட்டை. கிழிந்துபோனதைத் தூக்கிப் போட இருந்தபோது, குச்சி துடைக்க வேண்டும் என்று சொல்லிப் பிலோமினா விடுதிக்கு எடுத்துக்கொண்டு போனது. அது நத்தம் பஸ் நிற்கிற தடம்.



போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பு நம்பர். எட்வின் சார் எடுத்தார். காலையிலேயே கிளம்பிவிட்டாளே சார், உங்களிடம் சொல்லவில்லையா என்று அவர் ஆச்சரியப்பட்டார். பல வாரமாகப் பழகினாள், நான் பின்னாலேயே போவேன், கடைசி ரெண்டு வாரம் நான் தள்ளித்தான் நின்றேன் என்றார். இன்று யாரும் பின்னால் போகவில்லை. அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, போகிறேன் என்கிற பிள்ளையை நான் எப்படிப் பிடித்து வைப்பேன் என்றார்.

லூர்துசாமி போனை வைத்தார். பிலோமினாவுக்குப் போட்டார். மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். மறுபடி நின்றது.

செருப்பைத் தேடினார். ஒரு கால் செருப்புதான் அகப்பட்டது.

"எங்கண்ணே?"

"பஸ் ஸ்டாண்டுக்கு."

"அங்க போயி?"

அங்கே போய் என்ன செய்வார் என்று அவருக்கே தெரியாது. அவள் அங்கே நின்றிருந்தால் நாலு பேர் பார்க்கத் திட்டியிருப்பார். இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்குத் தெரியாது. நான் பீடத்தை மட்டும்தான் அனுப்புனேன்."

"உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தா தெரியும், மாஸ்டர்."

சொல்லக் கூடாத வார்த்தை. சொல்லிவிட்டார். மாஸ்டர் முகம் மாறவில்லை, ஆனால் கையில் இருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டார். கீழே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. லூர்துசாமி அந்தச் சத்தத்தில் துள்ளி விழுந்தார். முப்பது வருஷம் தானே அடித்த ஹாரன்.

கையில் இருந்த போன் மணி அடித்தது. பிலோமினா இல்லை. அவர் மனைவி ஜூலியட்.

"ஏங்க, பிள்ளைய தெருமுனையில விட்டுட்டு எங்க போயிட்டீங்க? அது மட்டும் தனியா உள்ள வருது."

லூர்துசாமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"டூட்டியா? சாப்பிட்டுட்டுப் போனா என்ன? பையைக்கூட அதுவே தூக்கிட்டு வருது. ஏங்க, கேக்குதா?"

"நான் வரல" என்றார். 

"என்ன வரல?"

"நான் அவளோட வரல, ஜூலி."

 போனைக் கையால் மூடிக்கொண்டு ஜூலியட் எதையோ கேட்பதும், பிலோமினா எதையோ சொல்வதும் தேய்ந்து கேட்டது. பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டு உருண்டு நின்றது. பிறகு ஜூலியட் பேசினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"பிரைவேட் பஸ்ல வந்தாளாம். கவர்மென்ட் பஸ்ல ஏறினா உங்க ஆளுங்க உங்களுக்குப் போன் போட்டுக் குடுத்துருவாங்களாம். அதனால நின்னு, விசாரிச்சு, பிரைவேட் பஸ்ல."

அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அது எப்போதோ கட் ஆகிவிட்டது.

பிறகு பீடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.  மாஸ்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்தார். பாதி சட்டையில் கொட்டியது.

 அவருடைய கை தானாகவே சணல் கயிற்றுக் கோட்டின்மேல் போயிற்று. பூச்சரத்தில் தொடங்கி, டீத்தூளைத் தாண்டி, டீசல் துணிக்கு முன்னால் நின்றது. அங்கே சணலில் ஒரு முடிச்சு இருந்தது. நில் என்பதற்கு.  அந்த இடத்தில் அவள் நின்றிருக்கிறாள். பஸ் பின்னால் வந்திருக்கிறது. போய் முடியும்வரை நின்றிருக்கிறாள். ஏதோ ஒரு டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்க்காமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அது அவராகவேகூட இருந்திருக்கலாம்.

"மன்னிச்சிருங்க, மாஸ்டர். வாய் தவறிடுச்சு."

"பரவால்லண்ணே."

"என் மாடல்ல டீசல் எங்கயுமே இல்ல."

"இல்ல."

"எட்டு மாசம்."

"ஆமா."

அவர் பாயில் கிடந்த பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார். பிறகு கைப்பிடி பிடுங்கிய பலகையைப் பார்த்தார். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சேர்க்கத்தான் வேண்டுமா என்றும் தெரியவில்லை.

"நான் இப்ப என்ன செய்யறது, மாஸ்டர்?"

"ஊருக்குப் போங்க."

"போயி?"

மாஸ்டர் அவருடைய இன்னொரு செருப்பைப் பீடத்துக்கு அடியிலிருந்து எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார்.

"பிலோமிகிட்ட வழி கேளுங்க."